மூன்று பேருக்கும் தோதான அரைமணி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உள்ளத்தின் ஆழத்திலிருந்து வரவில்லை. மனிதவளத் துறையிலிருந்து வந்தது.

பொறியியல் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனேன். இரும்புத் தகட்டை பிரஸ் மெஷினில் அமுக்கி, வண்டிகளுக்கு உதிரிபாகமாக்கி அனுப்பும் இடம். (பெயர் சொல்வதாக இல்லை. சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை.) மெஷினில் வேலை கற்றுக்கொடுப்பார்கள் என்று நம்பி, முனையில் இரும்பு வைத்த காலணியெல்லாம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். "பிரஸ்ல ஒருக்கா கை வச்சா மறுக்கா வெக்கறதுக்குக் கை இருக்காது" என்று சொல்லி, கேட்டை ஒட்டியிருந்த டைம் ஆபீஸில், வருகைப்பதிவு பார்க்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள்.

மனிதவள மேலாளர் மோகனப்ரியா மேடம், கரூர்க்காரர், என் திட்டப்பணியை ஒரே வரியில் சொன்னார்.

"மூணு பேர ஒரே ரூம்ல ஒரு அரைமணி நேரம் உக்கார வெக்கோணுங்க தம்பி. அவ்வளவுதான்."

"இது ஒரு நாள் வேலைங்களே மேடம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அந்த மூன்று பேரில் ஒருவர் அவர்.

கல்லூரிக்கு அனுப்பிய தாளில் இதற்கு "பல்தரப்புக் கால அட்டவணைகளில் மோதல் தவிர்ப்பு: ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்தேன். துறைத்தலைவர் உடனே ஒப்புதல் தந்தார். அதைத் தரும் நேரத்தில் அவர் வேறொரு கூட்டத்தில் இருந்தார்.

2

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அழிக்க மனம் வராததால் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: பனி மூடிய ஓசூரின் அதிகாலையில், ஆலைச் சங்கு ஊத —

(மே மாதம். பனி கிடையாது. சங்கும் கிடையாது. விரலை வைத்தால் பெண்குரலில் நன்றி சொல்லும் ஒரு பெட்டிதான் உண்டு.)

தொடக்கம் இரண்டு: சானமாவுக் காட்டிலிருந்து இறங்கிய ஒற்றை யானை, தார்ச்சாலையின் நடுவே —

(ஓசூர்க் கதை என்றால் வெளியூர் வாசகர்கள் யானை கேட்கிறார்கள். வரும். அடைப்புக்குறிக்குள் வரும். பொறுங்கள்.)

தொடக்கம் மூன்று: பொற்கொடி அழுதுகொண்டிருந்தாள்.

மூன்றாவதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். துன்பத்தில் தொடங்கினால் இலக்கியம் என்று ஒப்புக்கொள்வார்கள். ஆனால் டைம் ஆபீஸ் ஜன்னல் தாழ்வாக இருக்கும். முதல் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் அந்த நிழலில்தான் நிற்பார்கள். எட்டிப் பார்த்தால் என் திரை தெரியும்.

"யாரு தம்பி அது, பொற்கொடி? எம்பேராட்டம் இருக்குது."

"சும்மா கதைக்கா."

"நான் எப்ப அழுதன்?"

"அழலைக்கா. கதைக்காக."

"கதைக்குன்னா நீ அழு. எம்பேர வெச்சுட்டு என்னைய எதுக்கு அழ வெக்கற?"

அழித்துவிட்டேன். அன்று முதல் அவரை மரியாதையுடன்தான் எழுதுகிறேன். பாத்திரங்கள் ஆசிரியனின் படைப்பு என்று சொல்கிறவர்களின் பாத்திரங்கள் யாரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததில்லை.

3

அழாத பொற்கொடியைப் பற்றி.

ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண். அச்சாகி வரும் பாகங்களில் வெடிப்பு, பிசிறு இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் வேலை. காலை ஆறுக்குத் தொடங்கும் முதல் ஷிஃப்ட். கணவர் முனிராஜ், பாகலூர்க்காரர். பெற்றோரிடம் தெலுங்கு, தெருவில் கன்னடம், மனைவியிடம் தமிழ், மெஷினிடம் மூன்றும். பிரஸ் ஷாப்பில் பகல் இரண்டுக்குத் தொடங்கும் இரண்டாவது ஷிஃப்ட்.

இருவரும் ஒரு காலத்தில் ஒரே ஷிஃப்டில்தான் இருந்தார்கள். அப்போதுதான் காதலித்தார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. அதே மாதம் பிரஸ் ஷாப்பில் வேலை கூடி, ஆட்களைப் பிரித்தபோது முனிராஜை இரண்டாவது ஷிஃப்டில் போட்டுவிட்டார்கள். இரு வீட்டாரும் எதிர்ப்புத் தெரிவிக்காத ஒரு காதலை இப்படி ஒரு எக்செல் கோப்பு பிரித்தது.

பாகலூர் சாலையில் வாடகைக்கு ஒரு அறையும் சமையல்கட்டும். பூட்டுக்குச் சாவி ஒன்றுதான். முனிராஜ் மதியம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, கேட்டில் வைத்துச் சாவியைப் பொற்கொடியிடம் கொடுப்பார். பொற்கொடி வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவார். முனிராஜ் உள்ளே போவார். இடையில் ஒரு ஐந்து நிமிடம், என் ஜன்னலுக்கு நேராக, வேப்பமரத்தடியில்.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. கதையில் பெரிய ஓட்டை இது. அதை அடைத்துவிட வேண்டும் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"ஏங்க்கா, இன்னொரு சாவி போட்டா முடிஞ்சுதுல்ல? பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷத்துல அடிச்சுக் குடுப்பான்."

பொற்கொடி என்னை, வெடிப்புள்ள பாகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"போட்டா, இந்த அஞ்சு நிமிசமும் போயிரும் தம்பி."

ஓட்டை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது விஷயம் இதுதான். முனிராஜ் தன்னை முதல் ஷிஃப்டுக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார். இந்த மாதிரி விண்ணப்பத்தை ஆலைத் தலைவர், மனிதவள மேலாளர், அந்தப் பிரிவின் தலைவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். தனித்தனியாகக் கையெழுத்து செல்லாது. முன்பு ஒருவர் மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போய், "மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க" என்று சொல்லி வாங்கிவிட்டாராம். (அவர் இப்போது வேறொரு கம்பெனியில் மேனேஜர்.) ஜூன் முதல் தேதி அடுத்த அரையாண்டுக்கான ஷிஃப்ட் பட்டியல் ஒட்டுவார்கள். ஒட்டினால் டிசம்பர் வரை மாற்றமில்லை. அதற்குள் அந்த மூவரும் உட்கார வேண்டும்.

மோகனப்ரியா மேடம் என்னிடம் கேட்ட அரைமணி, இந்த அரைமணிதான்.

4

[இந்தப் பகுதி ஒத்திவைக்கப்படுகிறது. மூன்றாம் பகுதி நேரம் தாண்டிவிட்டதால் ஐந்தாம் பகுதியோடு மோதுகிறது. புதிய நேரம் பின்னர் தெரிவிக்கப்படும்.]

5

மூன்று பேரின் காலண்டரும் என் திரையில் பக்கம் பக்கமாகத் தெரியும். சில நாட்கள் அவற்றை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆலைத் தலைவர் குருமூர்த்தி பெங்களூரில் குடியிருக்கிறார், தமிழோடு கன்னடம் கலந்துதான் பேசுவார். தினமும் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வருகிறார். அவருடைய காலண்டரில் வெள்ளை இடமே கிடையாது. ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டி, அதன் மேல் மூன்றாவது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவர் மூன்று இடங்களில் இருக்கிறார். இதற்கு முன் அந்தத் தகுதி பெற்றவர்களுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

மோகனப்ரியா மேடத்தின் காலண்டரில் தினமும் இரண்டு பச்சைப் பெட்டிகள். "கவனம் — தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் அவர் கரூரில் இருக்கும் கணவரிடம் போனில் பேசுகிறார். கதவு சாத்தியிருந்தாலும், "சீரகத்தப் போட்டு அப்பறமா தாளியுங்க" என்பது வெளியே கேட்கும்.

பிரஸ் ஷாப் தலைவர் அழகர்சாமி மதுரைக்காரர். காலண்டர் சுத்த வெள்ளை. எந்த அழைப்பு அனுப்பினாலும் அடுத்த நொடி "வருகிறேன்" என்று பதில் வந்துவிடும். நான் முதலில் இவரைத்தான் நல்லவர் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் எல்லாவற்றுக்கும் வருகிறேன் என்பார், எதற்கும் வரமாட்டார். மறுப்பது மரியாதையில்லை என்பது அவருடைய கொள்கை. வராமலிருப்பதைப் பற்றி அவரிடம் கொள்கை எதுவும் இல்லை.

முதல் முயற்சி, ஒரு திங்கட்கிழமை. இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அழகர்சாமிக்குப் போன் போட்டேன்.

"சார், மீட்டிங். எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்யா. சானமாவுல யானை குறுக்க நிக்கிது. வண்டி ஒண்ணும் நகர மாட்டேங்குது."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிரஸ் ஷாப் வாசலில் நின்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். எதிரே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று நின்றது.

(யானை இவ்வளவுதான். பொதுவாக அந்தப் பக்கம் யானைக் கூட்டம் வருவது குளிர்காலத்தில். அழகர்சாமிக்கு மட்டும் கோடையிலும் வரும்.)

இரண்டாவது முயற்சியில் அழகர்சாமியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். குருமூர்த்தி சாரும் வந்துவிட்டார். கரூரில் குழம்பு அடிப்பிடித்ததால் மேடம் பச்சைப் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை.

மூன்றாவது முயற்சியில் மூன்று பேரும் வந்தார்கள். உண்மையாக. ஒரே நேரத்தில். எனக்குக் கண் கலங்கியது. (பொற்கொடி சொன்னபடி கதைக்கு நானே அழுதேன்.) ஆனால் மீட்டிங் அறையில் ஏற்கெனவே ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பு: மீட்டிங் அறையை முறையாகப் பயன்படுத்துவது எப்படி. அதற்கும் மூவரும் வருகிறேன் என்று சொல்லியிருந்ததால், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே அறை, அரைமணி நேரம், மூன்று பேர். எல்லாம் நான் கேட்டபடியே. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு குட்டிக் கட்டுரை. கதையின் உச்சக்கட்டம் என்கிறார்களே, அதுவும் ஒரு மீட்டிங்தான். நாயகன், நாயகி, குறுக்கே நிற்பவர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும். முன்னால் எழுதியவர்கள் மழை பெய்யவைத்தோ தேர் இழுக்கவைத்தோ எல்லோரையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுடைய பாத்திரங்களுக்கு ஷிஃப்ட் கிடையாது. என் நாயகி வெளியே போகும்போதுதான் நாயகன் உள்ளே வருகிறார். குறுக்கே நிற்க வேண்டிய மூவருக்கும் சேர்ந்து நிற்க நேரமில்லை. எனக்கு முடிவு எழுத வராததற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்லாதீர்கள். காலண்டர் மோதல்.

6

கேட்டில் செக்யூரிட்டி அறையில் இன்னொரு காலண்டர் தொங்குகிறது. மளிகைக் கடைக்காரர் கொடுத்தது. தினம் ஒரு தாள் கிழிக்கிற ரகம். அதில் யாரும் பொய் எழுதிவைக்க முடியாது. குருமூர்த்தி சார் முக்கியமான லாரி எதையும் அனுப்பும் முன்னால், "ராகு காலம் ஆயித்தா, முடிஞ்சுதா பாருப்பா" என்று அங்கேதான் கேட்பார். அவர் தலைமை அலுவலகத்தின் பேச்சை மீறிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை மீறிப் பார்த்ததில்லை.

மே மாதக் கடைசி வாரம் புது மெஷின் ஒன்று வந்திறங்கி, அதற்குப் பூஜை போட்டார்கள். யாருக்கும் நினைவூட்டல் போகவில்லை. குருமூர்த்தி சார் பெங்களூர் தலைமையோடு பேசிக்கொண்டிருந்த அழைப்பைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். மேடம் பச்சைப் பெட்டியை உடைத்துக்கொண்டு வந்தார். அழகர்சாமி முதல் ஆளாக வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சானமாவில் அன்று ஒரு யானையும் இல்லை.

"எப்படிண்ணா இதுக்கு மட்டும் எல்லாரும் வர்றாங்க?" என்று செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன்.

"மீட்டிங்குக்கு வரலைன்னா திட்டுவாங்க. பூஜைக்கு வரலைன்னா மெஷினு எதுனா பண்ணிரும்" என்றார்.

அன்று மதியம் மூன்று பேருக்கும் ஓர் அழைப்பு அனுப்பினேன். தலைப்பு: பூஜை. இடம்: மீட்டிங் அறை. நாள்: அந்த மாதத்தின் கடைசி புதன். நேரம்: ராகு காலம் முடிந்து, ஷிஃப்ட் மாறும் வேளை. எதற்குப் பூஜை என்று எழுதவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு விண்ணப்பத்தை எடுப்பது என்பது திட்டம்.

மூன்று பேரும் வருகிறேன் என்றார்கள். மோதல் எதுவும் இல்லை என்று கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. அந்தக் கோடையில் நான் பார்த்த மிக அழகான நிறம் அது.

4

[ஒத்திவைக்கப்பட்ட நான்காம் பகுதி இப்போது நடைபெறுகிறது.]

செவ்வாய்க்கிழமை, வேப்பமரத்தடி. முனிராஜ் சாவியைக் கொடுத்துவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"நாளைக்கு எதோ நடக்குமாமே. கொடி சொல்லுச்சு."

"நடக்கும்னு நெனைக்கிறேன்ணா."

"நடந்தா நல்லது. நான் வூட்டுக்கு வர்றப்ப அவ தூங்கறா. அவ கெளம்பறப்ப நான் தூங்கறன். மாத்தி மாத்திக் காவல் இருக்கறம், வாட்ச்மேனாட்டம்."

பொற்கொடி பின்னாலிருந்து சொன்னார்: "தூக்கத்துல இவுரு தெலுங்குல பேசறாரு தம்பி. எனக்கு ஒண்ணும் புரியல. எந்திரிச்சதும் கேக்கலாம்னா நான் இங்க இருக்கறன்."

"நான் என்ன பேசறன்?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, அப்பறம் சொல்றன்."

"அப்பறம்னா எப்ப?"

அவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆடி வந்தா புதுசா கட்டுனவங்கள பிரிச்சு வெப்பாங்கன்னு எங்கம்மா இப்பவே சொல்லுது. பிரிக்கறதுன்னா மொதல்ல சேத்து வெக்கணுமில்ல?"

பஸ் போனது. முனிராஜ் விரலை வைத்தார். பெட்டி நன்றி சொன்னது.

(இந்தப் பகுதி ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்றால், முன்பே வந்திருந்தால் நான் கிண்டலாக எழுதியிருக்க முடியாது.)

7

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. குருமூர்த்தி சாரின் காலண்டரை நான் மட்டும் பார்ப்பதில்லை. ஸ்டோர்ஸும் பார்க்கும், கேன்டீனும் பார்க்கும், செக்யூரிட்டியும் பார்ப்பார். அதில் பூஜை என்ற சொல் விழுந்ததும் தொழிற்சாலை தானாக இயங்கத் தொடங்கிவிடும். ஸ்டோர்ஸ் பூசணிக்காயும் எலுமிச்சையும் வாங்கியது. கேன்டீன் சர்க்கரைப் பொங்கல் கிளறியது. செக்யூரிட்டி பாகலூர் சாலைக் கோயில் ஐயருக்குப் போன் போட்டார். யாரோ ஒரு மூட்டை சாமந்தி இறக்கினார்கள். ஒரு மீட்டிங்குக்கு ஒரு மார்க்கர் கேட்டால் மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டிய இடம் அது. எதற்குப் பூஜை என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை நான் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனபோது மீட்டிங் அறைக்குள் நுழைய முடியவில்லை. பொங்கல் வாசனைக்கு, போகிற ஷிஃப்டும் வருகிற ஷிஃப்டும் நடைவழியில் நின்றன. உள்ளே முன்வரிசையில் மூன்று பேரும் வெறுங்காலோடு, கைகூப்பி, ஒருவர் பக்கத்தில் ஒருவர். போன்கள் மூன்றும் அணைத்து மேசையில் கிடந்தன. கதவைச் சாத்துவது என்ற என் திட்டத்தில் ஏறக்குறைய எழுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஐயர் வாழையிலை விரித்து, விளக்கேற்றி, சுற்றிப் பார்த்தார்.

"மெஷினு எங்கப்பா?"

குருமூர்த்தி சார் திரும்பினார். "ஹௌது, மெஷின் எல்லி? அழகர், உங்க டிபார்ட்மென்ட்தானே?"

"எங்களுது இல்ல சார். மேடம் ஏதோ புது சாஃப்ட்வேர் வாங்கிருக்காங்கன்னு வந்தேன்."

"ஏனுங்க, நான் எங்க வாங்கினேன்? உங்க மெஷினுன்னு நெனச்சுத்தானுங்க வந்தேன்."

மூவரும் மெல்ல என் பக்கம் திரும்பினார்கள். நான் பூசணிக்காயைப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை.

என்னைக் காப்பாற்றியது இன்னொரு காலண்டர் மோதல். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு மூணு மணிக்கு ஜூஜூவாடில ஒரு கடை தெறப்பு இருக்குது. இரும்புல எதாச்சும் ஒண்ணு வெய்யிங்க, போதும். சாமி ஏத்துக்கும்."

நாளெல்லாம் இரும்பை அமுக்குகிற அந்தத் தொழிற்சாலையின் மீட்டிங் அறையில் இரும்பாக ஒரு பொருளும் இல்லை. நாற்காலி பிளாஸ்டிக். மேசை கண்ணாடி. ப்ரொஜெக்டரைத் தட்டிப் பார்த்தார்கள், அதுவும் பிளாஸ்டிக். ஐயரின் கண் வாசலுக்குப் போனது. அங்கே முனிராஜ், கூட்டத்தில் சிக்கி, எதிர்ப்பக்கம் நின்ற பொற்கொடியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாவிய குடுப்பா."

சாவி கைமாறிக் கைமாறி இலைக்கு வந்தது. பாகலூர் சாலையின் அந்த ஒற்றைச் சாவிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தட்டில் வைத்து, மேலே ஒரு சாமந்தி வைத்தார்.

"தம்பதியா யாராச்சும் முன்னால வாங்க."

குருமூர்த்தி சாரின் மனைவி பெங்களூரில். மேடத்தின் கணவர் கரூரில், அடுப்படியில். அழகர்சாமியின் குடும்பம் மதுரையில். நடைவழியில் நின்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி திருவாரூரில், கணவன் துபாயில், பிள்ளைகள் மாமியார் வீட்டில். அத்தனை பேர் கூடிய இடத்தில் ஜோடியாக நிற்க ஆள் இல்லை.

"முனிராஜும் பொற்கொடியும் நிக்கறாங்கல்ல" என்றது ஒரு குரல்.

வழி விட்டார்கள். நீல மேலங்கியோடு பொற்கொடி, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு முனிராஜ். தட்டுக்கு இருபுறமும் நின்றார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயேவா?" என்றார் குருமூர்த்தி சார்.

"ஆமா சார்."

"எந்த ஷிஃப்ட்?"

"நான் ஃபர்ஸ்டு சார். இவுரு செகண்டு."

"மத்தெ, எப்பதான் பாத்துக்கறது?"

பொற்கொடி யோசிக்கவில்லை.

"இப்பதான் சார்."

அழகர்சாமி தன் வெறுங்காலைப் பார்த்தார். மேடம், அணைத்துவைத்த போனைப் பார்த்தார். ஐயர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சங்கல்பம் பண்ணணும். எதுக்காக இந்தப் பூஜைன்னு ஒருத்தர் சொல்லுங்க."

மறுபடி எல்லோரும் என் பக்கம். கையில் விண்ணப்பம் ஈரமாகியிருந்தது.

"ஷிஃப்ட் மாத்தறதுக்கு" என்றேன்.

ஐயர் இமைக்கவில்லை. எத்தனை கடை, எத்தனை லாரி, எத்தனை போர்வெல் பார்த்தவர். கண்ணை மூடிக்கொண்டு, கணீரென்று, "முனிராஜ நாமதேயஸ்ய, ஷிஃப்ட் பரிவர்த்தன ஸித்த்யர்த்தம்" என்று மந்திரத்தில் சேர்த்துவிட்டார். எல்லோர் கையிலும் அட்சதை கொடுத்து, போடச் சொன்னார்.

போட்டார்கள். மூன்று பேரும். ஒரே நேரத்தில்.*

* மூன்று பேரும் சேர்ந்து அட்சதை போடுவது விதிப்படி ஒப்புதலாகுமா என்று பிறகு தேடிப் பார்த்தேன். விதியில் கையெழுத்து என்றுதான் இருக்கிறது. எதனால் போட வேண்டும் என்று இல்லை.

8

அட்சதை இன்னும் தரையில் உருண்டுகொண்டிருக்கிறது. இங்கே நிறுத்துகிறேன். முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

முதல் முடிவு, கல்லூரி ஆண்டுமலருக்கு ஏற்றது: குருமூர்த்தி சார் அங்கேயே விண்ணப்பத்தை வாங்கி, மற்ற இருவரையும் பார்த்து, கையெழுத்துப் போடுகிறார். கைதட்டல். பொங்கல். எனக்கும் சான்றிதழ்.

இரண்டாவது முடிவு, எனக்கு நன்றாக எழுத வரக்கூடியது: குருமூர்த்தி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது சீரியஸ் மேட்டர். ஒரு மீட்டிங் போட்டுப் பேசிடலாம்" என்கிறார். பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி, எங்க மூணு பேருக்கும் ஒரு அரைமணி பாரு" —

மூன்றாவது முடிவு: மாற்றம் கிடைத்துவிடுகிறது. இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். முதல் வாரத்திலேயே அந்தத் தெலுங்குக்கு அர்த்தம் கேட்டுச் சண்டை. சமாதானமாக, மறுபடி வேறு வேறு ஷிஃப்ட் கேட்டு அடுத்த விண்ணப்—

(இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமென்றே பாதியில் விட்டிருக்கிறேன்.)

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். என் பயிற்சிக் காலம் அந்த வாரத்தோடு முடிந்தது. ஜூன் முதல் தேதி பட்டியல் ஒட்டியிருப்பார்கள். என் அட்டை இப்போது அந்தக் கேட்டைத் திறக்காது. திறந்தாலும் போய்ப் பார்ப்பேனா என்பது தெரியவில்லை. இரண்டாவது முடிவு எனக்கு அவ்வளவு நன்றாக எழுத வருவதுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே எழுதப்போவதில்லை. மூன்று பேரையும் ஒரே அறையில், செருப்பில்லாமல், போன் இல்லாமல் நிறுத்திவைத்திருக்கிறேன். இன்னொரு முறை இதை யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. குருமூர்த்தி சார் இப்போதுதான் வாயைத் திறக்கிறார். நான் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறேன், அங்கிருந்து எதையும் எட்ட முடியாது. இவ்வளவு தூரம் படித்து வந்ததில் நீங்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டீர்கள். தட்டு உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. சாவியை எடுங்கள், விரலில் சந்தனம் ஒட்டும். பொற்கொடியிடம் கொடுத்தால் அவர் வெளியே போவார், முனிராஜ் உள்ளே போவார், கதை நேற்றுப்போலவே நடக்கும். வேறு என்ன செய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் செய்யுங்கள். உங்களுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று பொற்கொடியிடமும் கேட்டேன். அவர் கேட் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தாண்டி, உங்களைப் பார்த்துச் சொன்னார்:

"யாருன்னு தெரியலிங்க. என்ன பண்றதா இருந்தாலும் கொஞ்சம் சீக்கிரம் பண்ணுங்க. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கறான்."